சாவு வீடுகளுக்குப் போன தட்டு

ஆர்ஃபா மாவு உருண்டையால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோதுமை மாவில் உப்பும் வெந்நீரும் கொஞ்சம் காடியும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்த உருண்டை. குளிர்காலம் முழுக்க நிலக்கரி அடுப்பு எரிகிற வீட்டில், காகிதம் ஒட்டிய சுவருக்கு வேறு வழி கிடையாது. ஈரத்துணி பட்டால் கரி பூவேலைக்குள் இறங்கி அங்கேயே குடியிருக்கும். மேலேயிருந்து கீழே ஒரே இழுப்பு. உருண்டை கறுத்ததும் உள்மாவு வெளியே வருகிற மாதிரி மடித்து ஒரு பிசை. மறுபடி மேலேயிருந்து.

ஏப்ரல் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு செய்கிற வேலை இது. இப்போது மார்ச் பாதிகூட ஆகவில்லை. அடுப்பு அவள் முதுகுக்குப் பின்னாலேயே எரிந்துகொண்டிருந்தது.

அடுப்போரத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் டெல்பர்ட் இருமி முடித்துவிட்டுச் சொன்னான். "ஒரு பக்கம் கரி ஏத்திக்கிட்டே இன்னொரு பக்கம் தொடைக்கிறியே. நான் சுரங்கத்துல இருபத்தி நாலு வருஷம் பண்ணின வேலையே பரவாயில்லை போலிருக்கு."

"வெல்டா வர்றா இல்ல."

"அவ சுவரைப் பார்க்கவா வர்றா?"

ஆர்ஃபா உருண்டையை மடித்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"எதை?"

"எதையா? சரி, விடு." அவன் அடுப்புக் கதவைக் கால் நுனியால் சாத்தினான். "நாளைக்கு மத்தியானம் அவளே கேட்டுக்கட்டும். காது நல்லாத்தானே இருக்கு அவளுக்கு. தொண்டைதானே போச்சு."

"டெல்பர்ட், வாயை மூடு."

அவன் மூடிக்கொண்டான். நுரையீரலில் தூசி ஏறிய மனிதனுக்கு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினதே பெரிய காரியம்.

பக்கத்து அறை அலமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவே, ஒரு மாவுப் பைக்குள் அந்த இசைத்தட்டு இருந்தது. பத்து அங்குலம், அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு, ஒரு பக்கம் மட்டும் பாட்டு. நடுவில் ஒட்டின காகிதத்தில் பென்சிலால் 'வெல்டா & ஆர்ஃபா, நவம்பர் 1947' என்று எழுதியிருக்கும். இருபத்தியொரு வருஷத்தில் அந்த 'ஆர்ஃபா'வும் பாதி அழிந்துவிட்டது. தட்டு கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்திருந்தது. அதைத்தான் அவள் இன்னும் சொல்லவில்லை.

*

கென்டக்கி மலையில் அந்தப் பள்ளத்தாக்கில் ஆர்ஃபாவைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவளைப் பற்றிச் சொல்லச் சொன்னால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. வெல்டாவின் அக்கா என்பார்கள். கூப்பிட்டால் வருவாள் என்பார்கள். பக்கத்து வீட்டுப் பசு வலியெடுத்துப் படுத்தால் ஆர்ஃபா. தேவாலயத்தில் பியானோ வாசிப்பவளுக்குப் பிரசவம் என்றால், வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஆர்ஃபா. முடியாது என்கிற வார்த்தையை அவள் வீட்டுக்காரனிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அவனிடம் தாராளமாகச் சொல்வாள்.

அப்பா சுரங்கத்தில் செத்தபோது அவளுக்குப் பதினேழு, வெல்டாவுக்குப் பதிமூன்று. அன்று சாயங்காலம் கம்பெனி ஆள் அப்பாவின் சாப்பாட்டு வாளியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான். சுரங்கத்துக்குப் போகிறவர்கள் வாளியைக் காலி பண்ணி வருவதில்லை. ஒரு துண்டு கேக்கோ பாதி ரொட்டியோ மிச்சம் வைப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் உதவும், மாட்டிக்கொள்ளாவிட்டால் வீட்டுக் குழந்தைக்கு ஆகும். சின்னவள் வெல்டா வழக்கம்போல மூடியைத் திறந்தாள். அரை சோள ரொட்டி இருந்தது. தின்னவும் செய்தாள். ஒன்பது வருஷம் கழித்து அதையே பாட்டாகக் கட்டினாள்.

ஆர்ஃபாவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை காலை இருவரும் நிலக்கரி லாரியில் தொற்றிக்கொண்டு ஆற்றங்கரை டவுனுக்குப் போய், மருந்துக்கடை மாடியில் இருந்த ரேடியோ ஸ்டேஷனில் கால் மணி நேரம் பாடிவிட்டு வருவார்கள். வெல்டா மேல் சுருதியில் பாட்டை எடுப்பாள், கித்தாரும் அவளே. ஆர்ஃபா கீழ்ச்சுருதியில் நின்று தாங்கிப் பிடிப்பாள். அந்த நவம்பரில், டென்னஸியிலிருந்து வந்த ஒரு பாட்டுக் கோஷ்டி வெல்டாவைத் தங்களோடு கூப்பிட்டது. போவதற்கு முன் ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஸ்டேஷன்காரர் மூன்று பாட்டை, தட்டுக்கு ஒன்றாக, வெட்டிக் கொடுத்தார். வெட்டும் ஊசி பூச்சில் கோடு கீறிக்கொண்டே போக, கறுப்பு நூல் நூலாகச் சீவல் சுருண்டு எழும்பும். அதை மெல்லிய தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே அவர் சொன்னார்:

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இது கடையில விக்கிற தட்டு மாதிரி இல்ல. வெண்ணெய் மாதிரி. இரும்பு ஊசி வெச்சு ஓட்டினா இருபது தடவையில வழிச்சு எடுத்துடும். வேலியில முள்ளு இருக்குமில்ல, அதை ஒடிச்சு, கூராச் சீவி மாட்டிக் கேளுங்க. அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை."

"வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு தடவை கேக்கற அளவுக்கு நாங்க மோசமாவா பாடறோம்?" என்றாள் வெல்டா. அவள் எப்போதும் அப்படித்தான்.

கிளம்புகிற அன்று தட்டுகளை அக்காவிடம் கொடுத்தாள். "நான் ஊர் ஊராப் போறவ. எங்கயாவது உட்கார்ந்து உடைச்சுடுவேன். உன்கிட்டயே இருக்கட்டும்க்கா. நீதான் எதையும் பத்திரமா வெச்சுக்குவே."

டெல்பர்ட்டிடம் சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. அவனே வேலி முள்ளைச் சீவிக் கொடுத்தான். முள் வைத்தால் பாட்டு பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்க வேண்டும். முதல் வருஷம் ஆர்ஃபா இரண்டே தடவைதான் கேட்டாள்.

*

அடுத்த வருஷம் சுரங்கத்தில் லைஜ் காம்ஸ் மேல் பாறை விழுந்தது. அவன் மனைவி ஜெட்டிக்கு முப்பது வயதுகூட இல்லை. முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டுச் சவப்பெட்டியை வைத்து, வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சமையலறை மேசையில் இடமில்லாமல் கோழியும் பீன்ஸும் கேக்கும் குவிந்திருந்தன. ஜெட்டி ஒரு சொட்டு அழவில்லை. எல்லோரும் பயந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஆர்ஃபாவின் கையைப் பிடித்துச் சொன்னாள், "உங்க தங்கச்சி ரேடியோவுல பாடினாளே, வாளிப் பாட்டு. லைஜுக்கு அது உசுரு. ஒரே ஒரு தடவை இவருக்குப் போட்டுக் காட்டறீங்களா?"

ஆர்ஃபா போர்வையில் சுற்றிக் கிராமபோன் பெட்டியையும் மாவுப் பையில் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். முள்ளைத்தான் மாட்டினாள். அறை நிறைய ஜனம். "ஒண்ணுமே கேக்கலையேம்மா," என்றார் மூலையிலிருந்து ஒரு பெரியவர். ஜெட்டி இவள் முகத்தைப் பார்த்தாள். பெட்டியின் சின்ன டப்பாவில் இரும்பு ஊசிகள் இருந்தன. ஆர்ஃபா ஒன்றை எடுத்து மாட்டினாள்.

வெல்டாவின் குரல் அறை முழுக்க வந்து நின்றது. இரண்டாவது அடியில் ஜெட்டி உடைந்தாள். அதன் பிறகு பெண்கள் எல்லோருக்கும் மூச்சு விட முடிந்தது. கிளம்பும்போது ஜெட்டி சொன்னாள், "உங்க தங்கச்சி நல்லா இருக்கணும்." ஆர்ஃபா தலையாட்டினாள். அந்தக் குரலுக்குக் கீழே இன்னொரு குரலும் இருந்ததே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் தோன்றியது. நடந்து வரும்போது அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. பாறை விழுந்தாலும் தூசியில் மூச்சு நின்றாலும், சவப்பெட்டி வீட்டுக்கு வந்ததும், "ஆர்ஃபாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்பார்கள். பாதிரியார் முதலில் முணுமுணுத்தார். கடைசி அடியில் கர்த்தர் வருகிறார் என்று யாரோ சொன்னதும் விட்டுவிட்டார். ஆள் அனுப்பக் கூச்சப்படுவார்கள் என்று சில சமயம் ஆர்ஃபா தானாகவே கிராமபோனைச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.

"உன்னை இன்னும் யாரும் கூப்பிடலையே," என்பான் டெல்பர்ட்.

"கூப்பிடுவாங்க."

"இதுவரைக்கும் என் மச்சினி முப்பது பேரை மோட்சத்துக்கு அனுப்பியாச்சு. பாதிரியாருக்கே அத்தனை பேர் இல்ல."

ஒவ்வொரு தடவையும் ஊசி முனையில் கறுப்புத் தூள் சேரும். ஆர்ஃபா அதைக் கைக்குட்டையால் துடைப்பாள். அந்தத் தூள் என்ன என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தடவை மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த தடவை வந்து நிற்பவள் தலைவிரிகோலமாய், இடுப்பில் குழந்தையோடு நிற்பாள். அவளிடம் பூச்சு தேயும் என்று எப்படிச் சொல்வது?

வெல்டா இதற்குள் நாஷ்வில் நகரத்தில் பெரிய பாட்டுக்காரியாகியிருந்தாள். வாளிப் பாட்டை ஒரு இசைத்தட்டுக் கம்பெனி மறுபடி அவளைப் பாடவைத்து, பின்னால் பிடில்களை வரிசையாக நிறுத்தி, நாடு முழுக்க விற்றது. அந்தத் தட்டு பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனால் சாவு வீட்டில் அதை யாரும் போடவில்லை. "இது டான்ஸ் ஆடற மாதிரி இருக்கு, நீங்க பழசை எடுத்துட்டு வாங்க," என்பார்கள்.

ஐம்பத்தேழில் ஆறு ஊருக்குள் வந்தது. ரேடியோ ஸ்டேஷன் இருந்த கட்டடம் போயிற்று. ஆர்ஃபா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த இரண்டு தட்டுகளும் தண்ணீரோடு போய்விட்டன. மூன்றாவது அன்றைக்கு மேட்டில் ஒரு சாவு வீட்டில் இருந்ததால் பிழைத்தது. வெல்டாவுக்கு எழுதினாள்: 'ரெண்டு போயிடுச்சு. வாளிப் பாட்டு மட்டும் பத்திரமா இருக்கு.' அது முழுப் பொய் இல்லை. அப்போது குரல் இன்னும் இருந்தது, மூட்டத்துக்குப் பின்னால் நிற்கிற மாதிரி.

மூன்று வருஷம் கழித்து நாலாம் நம்பர் சுரங்கம் வெடித்தது. எட்டுப் பேர். இரண்டு நாளில் எட்டு வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆர்ஃபா ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நடந்தாள். கடைசி வீட்டில் தட்டிலிருந்து, வாணலியில் கொழுப்பு பொரிகிற மாதிரிச் சத்தம்தான் வந்தது. எல்லோரும் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் நன்றி சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் தட்டை வெளியே எடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் பெட்டியின் சுருள்வில் உடைந்துவிட்டது என்றாள். டெல்பர்ட் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

*

இரண்டு வருஷம் முன்பு வெல்டாவுக்குக் கழுத்தில் கழலை வந்தது. மலைப்பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு வருகிறதுதான். அறுத்து எடுத்தார்கள். எடுத்தபோது பக்கத்தில் ஒரு நரம்பு சேர்ந்து போயிற்று. கண் விழித்தபோது அவளுக்குக் குரல் இல்லை. காற்று இருந்தது, உதடு அசைந்தது. ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை.

போனில் அவள் பேசினால் காற்றடிக்கிற மாதிரிதான் கேட்கும். அதனால் கடிதம் எழுதினாள். ஜனவரிக் கடிதத்தில், கம்பெனியில் அவளை வைத்துக்கொள்வதா விடுவதா என்று பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாள். விட்லாக் என்று ஒருவர் மட்டும் இவள் பக்கம். பழைய பாட்டுகளுக்கு இப்போது கிராக்கி இருக்கிறது, பிடில் இல்லாத முதல் வாளிப் பாட்டு எங்காவது இருந்தால் அதை முதலில் வைத்து ஒரு பெரிய தட்டு போடலாம், அதுவரை அவளை விட மாட்டார்கள் என்று அவர் சொன்னாராம். 'எங்க அக்காகிட்ட இருக்குன்னு சொன்னேன். அவர் நம்பலை. எங்க அக்காவை உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.' கடைசியில் இடுக்கி எழுதியிருந்தாள்: 'கம்பெனிக்காக மட்டும் இல்லக்கா. இருபத்திரண்டு வயசுல எனக்கு எப்படிக் குரல் இருந்துச்சுன்னு எனக்கே மறந்துபோச்சு. ஒரு தடவை கேக்கணும்.'

ஆர்ஃபா மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்தாள். ஒன்றில் நேராக ஆரம்பித்தாள்: 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.' அதற்குக் கீழே ஒரு மத்தியானம் முழுக்க ஒன்றும் வரவில்லை. இன்னொன்றில் ஜெட்டியிலிருந்து தொடங்கினாள். நாலு பக்கம் போனது, செத்தவர்கள் பெயராகவே இருந்தது. கடைசியில் தபாலில் போட்டது இது: 'வியாழக்கிழமை வாங்க. கோழி பண்ணி வைக்கிறேன்.'

அந்த வாரத்தில் ஒரு நாள், டெல்பர்ட் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, தட்டை வெளியே எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கடைசிக் கால் அங்குலம் மட்டும் கறுப்பாக மினுங்கியது. பாட்டு முடிந்து கித்தார் மட்டும் வருகிற, அதற்குள் அவள் ஊசியைத் தூக்கிவிடுகிற இடம் அது.

*

மறுநாள் மத்தியானம் நீளமான வெளிர்பச்சைக் கார் வந்து கேட்டோரம் நின்றது. வெல்டா இறங்கினாள். கழுத்தைச் சுற்றிப் பட்டுத்துணி, உயரமாகத் தூக்கிக் கட்டின தலைமுடி, கையில் ஒரு கேக் டப்பா. அக்காவைக் கட்டிக்கொண்டு காதோரம் சொன்னாள், "சுவரைத் தேய்ச்சியா? மாவு வாசனை வருதே."

"சும்மா, லேசா."

"இந்த மாசத்துலயா? பைத்தியம்."

அந்தக் குரலுக்கு ஆர்ஃபா தயாராக இல்லை. காகிதத்தைக் கசக்குகிற மாதிரி இருந்தது. கடிதங்களில் வந்த வெல்டா இவ்வளவு நாளும் பழைய குரலிலேயே பேசியிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

விட்லாக் நாற்பது வயதுக்காரர், மென்மையான ஆள், கையில் தோல் பெட்டி. டெல்பர்ட் எழுந்திருக்காமலே கை கொடுத்தான். "மன்னிக்கணும் சார். எழுந்தா உட்கார்றதுக்கு அரை மணி நேரம் ஆகும்."

"நீங்க உட்காருங்க சார்."

"என்ன மச்சினி, டவுன்ல சாப்பாடு போடறாங்களா இல்லையா? கழுத்து மட்டும்தான் இருக்கு."

"அதையும் பாதி அறுத்துட்டாங்க," என்றாள் வெல்டா.

டெல்பர்ட் சிரித்து இருமினான். சாப்பாட்டில் எல்லோரும் சரியாகவே இருந்தார்கள். விட்லாக் பீன்ஸை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். வெல்டா மெதுவாக விழுங்கினாள். ஒவ்வொரு வாய்க்கும் தாடையைக் கீழே இறக்கிக்கொண்டாள். நடுவில் ஆர்ஃபா கேக் வெட்டும்போது, "வெல்டா, அந்தத் தட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா, எடுத்து வெச்சிருப்பே. இவர்கிட்ட வழியெல்லாம் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். நாங்க சின்னவங்களா இருந்தப்ப எங்கம்மா தோட்டை இவகிட்டதான் குடுத்து வைப்பாங்க, என்கிட்ட தர மாட்டாங்கன்னு."

டெல்பர்ட் தட்டத்தில் இருந்த எலும்பையே பார்த்தான். ஆர்ஃபா கேக்கை ஐந்து துண்டாக வெட்டினாள். ஆள் நாலு பேர்தான்.

விட்லாக் தோல் பெட்டியை மேசைமேல் திறந்தார். உள்ளே சின்னச் சுழல்தட்டு, பென்சில் மாதிரி மெல்லிய ஊசிக் கை. ஆர்ஃபா மாவுப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தட்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தார். எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஊதித் தூசி தட்டப் போனவர் ஊதாமல் நிறுத்திவிட்டார்.

"எந்தப் பெட்டியில ஓட்டினீங்கம்மா?"

"சாவிப் பெட்டி."

"ஓ," என்றார். ஊசிக் கையைத் தூக்கித் தட்டின் மேல் மெல்ல வைத்தார்.

பொரிகிற சத்தம் வந்தது. நெடுநேரம் அதுவே. அதற்குள் எங்கோ ஆழத்தில் கித்தாரின் தடித்த தந்தி தட்டுகிறது. பிறகு ஒரு பெண் குரல். தாழ்ந்த, நிதானமான குரல், அவசரமே இல்லாமல் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கை கொடுத்துக்கொண்டு போகிறது. 'அப்பாவின் வாளியில் அரை ரொட்டி மிச்சம்' என்பது கேட்கிறது. அதற்கு மேலே இன்னொருத்தி இருக்க வேண்டிய இடத்தில் மணலைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு கீச்சு. அது உயர்கிறது, இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது. சொல் ஒன்றும் இல்லை.

வெல்டா முதலில் தலையைச் சாய்த்து, வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் பெட்டிப் பக்கம் குனிந்தாள். இரண்டாவது அடியிலும் வரவில்லை. மூன்றாவது அடியில் அவள் உதடு தன்னிச்சையாகப் பாட்டோடு அசைந்தது. காற்று மட்டும் வெளியே வந்தது. பிறகு அதையும் நிறுத்திக்கொண்டாள்.

விட்லாக் ஊசிக் கையைத் தூக்கி ஓரமாக வைத்தார். "மேல் சுருதிதான் முதல்ல போகும். ரொம்ப மெல்லிய கீறல் அது. இரும்பு ஊசிக்குத் தாங்காது." பிறகு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது போல, "கீழ்க்குரல் யாரோடது?"

"இவளோடது," என்றான் டெல்பர்ட்.

"நல்ல குரல்மா. ரொம்ப நல்ல குரல்."

ஆர்ஃபா வாழ்நாளில் அதை யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்த நாட்கள் உண்டு. இப்போது அந்த மனிதர் வாயை மூடினால் போதும் என்றிருந்தது.

"எங்க ஆளுங்ககிட்ட காட்டிப் பார்க்கலாம். ஏதாவது பண்ண முடியுதான்னு," என்றார் விட்லாக். சொல்லிக்கொண்டே தோல் பெட்டியின் கொக்கியைப் போட்டார். தட்டு மேசை மேலேயே இருந்தது. "காரைத் திருப்பி நிறுத்தறேன். நீங்க மெதுவா வாங்க, மிஸ் வெல்டா."

டெல்பர்ட் சுவரைப் பிடித்து எழுந்தான். "வாங்க சார், அந்தப் பள்ளத்துல சக்கரம் இறங்கும். நான் வழி காட்டறேன்." மூன்று வருஷமாக அவன் காரணமில்லாமல் எழுந்ததில்லை.

அறையில் சகோதரிகள் இரண்டு பேர். ஆர்ஃபா தட்டங்களை அடுக்கினாள். அடுக்கி முடித்தவற்றையே எடுத்து மறுபடி அடுக்கினாள்.

"சொல்லு," என்றாள் வெல்டா.

"ஜெட்டி கேட்டா. லைஜ் செத்தப்போ." ஆர்ஃபாவுக்கு வரிசையாக வந்தது, கடிதத்தில் வந்த மாதிரியே. "முள்ளுதான் போட்டேன் முதல்ல. யாருக்கும் கேக்கலை. அப்புறம் பெர்லி. அப்புறம் அந்த நேப்பியர் பையன், பத்தொன்பது வயசு. ஒவ்வொருத்தியும் வந்து நிக்கறப்ப என்னால எப்படி மாட்டேன்னு சொல்ல முடியும்? நாலாம் நம்பர் வெடிச்சப்போ எட்டு வீடு. நீ புதுசாப் பாடினதை வேணாம்னாங்க. உன்னோட இந்தக் குரல்தான் வேணும்னாங்க. அதைக் கேட்டுத்தான் அழ முடிஞ்சுது அவங்களுக்கு."

வெல்டா பட்டுத்துணியைக் கழுத்தில் தளர்த்தினாள். தழும்பு ஒரு சிவப்பு நூல் மாதிரி இருந்தது. "நாலாம் நம்பரு அறுபதுல வெடிச்சுது."

"ஆமா."

"எட்டு வருஷம். பத்திரமா இருக்குன்னு எழுதினே."

"இருந்துச்சு. அலமாரியில."

"ஆமா. அலமாரியில." வெல்டா ஒரு நொடி சிரிக்கப் போகிறாள் போலிருந்தது. சிரிக்கவில்லை. "ஜனவரியிலயே சொல்லியிருந்தா அந்த ஆளை இங்க கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன். வர்ற வழியெல்லாம் அவர்கிட்ட பெருமை அடிச்சேன். இனிமே அவராலயும் ஒண்ணும் பேச முடியாது கம்பெனிக்காரங்ககிட்ட."

"எழுத உட்கார்ந்தேன் வெல்டா. மூணு தடவை."

"சரி." அவளுக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு பேசினால் தொண்டை வலிக்கும் என்று கடிதத்தில் எழுதியிருந்தாள். ஆர்ஃபா தண்ணீர் எடுக்கப் போனாள். வெல்டா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பென்சில் எழுத்து இருந்த தட்டின் நடுக் காகிதத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுல உன் குரல் நல்லாக் கேக்குது."

"அது கீழ்ச்சுருதி. அதனாலதான்னு அவரே சொன்னாரு."

"அவர் சொன்னாரு. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தனை வீட்டுலயும் அவங்களா கேட்டாங்களாக்கா? இல்ல, கேக்காத வீட்டுக்கும் நீயா எடுத்துட்டுப் போனியா?"

ஹால்கம் வீட்டு முன்னறை ஆர்ஃபாவின் கண்ணுக்கு வந்தது. அங்கே யாரும் கூப்பிடவில்லை. உள்ளே மெல்ல ஜெபம் நடந்துகொண்டிருந்தது. இவள் போர்வைச் சுற்றோடு வாசலில் நின்றாள், அவர்கள் பார்க்கும்வரை நின்றாள், பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்கள். அப்படி எத்தனை வாசல் என்று யோசித்தாள். அந்த வாசல்களில் நிற்கும்போது தான் காது கொடுத்துக் கேட்டது தங்கையின் குரலை அல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லிவிடலாம். ஆமா என்று ஒரு வார்த்தை. கையில் ஒரு ஈரத் தட்டம் இருந்தது. அதைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள், முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம்.

வெளியே கார் திரும்புகிற சத்தம் கேட்டது. "இடதுபக்கம், இடதுபக்கம்," என்று டெல்பர்ட் மூச்சிரைக்கச் சொன்னான்.

வெல்டா காத்திருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டுத்துணியை இறுக்கிக் கட்டி, நாற்காலி முதுகில் கிடந்த கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனாள்.